மூன்றாவது தடம், காலை ஆறேகால்

பதுளையில் தண்ணீருக்கு
டிசம்பரில் பல் முளைக்கும்.
முதலில் கணுக்காலைக் கடிக்கும்,
பிறகு எதையென்று சொல்வதற்கில்லை.
ஏணியில் நின்று யோசிக்கிறவர்கள்
யோசித்தே வீடு போவார்கள்.
நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிடுவேன்.

தண்ணீர்ச் சபையில் கிளார்க் வேலை.
நாளெல்லாம் யூனிட் கணக்கு.
இங்கேயும் கணக்குத்தான்:
இருபத்தைந்து மீற்றர், நாற்பது தரம்.
ஏழரைக்குத் தலை துவட்டி முடிந்திருக்க வேண்டும்.

சுவரில் விதிகள் எழுதியிருக்கிறார்கள்.
சிங்களத்தில் ஒன்பது,
ஆங்கிலத்தில் ஒன்பது,
தமிழில் ஏழு.
விடுபட்ட இரண்டும்
எங்களுக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொண்டேன்.
முதலாவது விதியே
'நீத்துவோர் இடப்பக்கமாகச் செல்லவும்.'
ந் இருக்கவேண்டிய இடத்தில் த்.
உலகத்தைத் துறந்தவர்கள்
இடப்பக்கமாகப் போகட்டும் என்று
பெயின்ட்காரர் நினைத்திருக்கலாம்.
துறக்காதவர்கள் நடுவில் போகிறார்கள்.

நடுவில் போகிறவர்கள் பாமினியும் ஷிஃபானாவும்.
ஒரே பாமசியில் வேலை.
பக்கத்தில் பக்கத்தில் தவளை நீச்சல்,
தலையும் நனையாது, கதையும் நனையாது.
கயிற்றோடு கயிறாக ஒட்டிக் கடக்கும்போது
ஒரு துண்டு காதில் விழும்:
'மாப்பிள்ளை கொழும்பில் காரோடு...'
போய்த் திரும்பி வந்தால்
'காரும் ஆளும் வாடகைக்காம்.'
அதற்கு நடுவில் என்ன நடந்தது?
ஐம்பது மீற்றர் போய்விட்டதே.

ஆழமான பக்கத்துச் சுவரில்
ரெஜினோல்ட் சேர் இளைப்பாறுகிறார்.
எப்போதும் இளைப்பாறுகிறார்.
திரும்பித் தொடவேண்டிய சுவரில்
பாதி அவருடைய முதுகு.
புதிதாக மாற்றலாகி வந்த பாங்க் மெனேஜரோ
வண்ணத்துப்பூச்சி நீச்சல்.
பெயர்தான் பூச்சி.
வருவது காட்டெருமை.

நாங்கள் மலைச்சாலைக்காரர்கள்.
ஏறுகிற லொறிக்கு
இறங்குகிற பஸ் ஒதுங்கி நிற்கும்.
வளைவென்றால் ஹோர்ன் அடிப்போம்.
முந்தச் சொல்லிக் கையை வெளியே நீட்டி
விரலை ஆட்டாத டிரைவர்
ஹாலிஎலப் பக்கம் கிடையாது.
இதே ஆட்கள்தான்
உடுப்பை மாற்றியதும் எல்லாம் மறந்துபோகிறார்கள்.
தண்ணீருக்குள் ஹோர்னும் இல்லை.

போன செவ்வாய் என் கால்
ஷிஃபானாவின் மேல் பட்டுவிட்டது.
பழக்கதோஷம்,
அவள் தோளைத் தொட்டு
என் கண்ணில் ஒற்றப் போனேன்.
கண்ணில் கண்ணாடி. அது கழன்று
ஒரு மிடறு குளோரீன்.
அவள் சிரித்ததில் அவளுக்கும் ஒரு மிடறு.

முந்தவேண்டுமானால்
முன்னால் போகிறவரின் பாதத்தை
ஒரு தரம் தட்டவேண்டும், அதுதான் முறை என்றான்
காவலுக்கு நிற்கும் பிரியலால்.
சொல்வது சுலபம்.
கால் பட்டால் மன்னிப்பு,
கையால் கால் தொட்டால் நமஸ்காரம்,
இரண்டுக்கும் நடுவில்
'கொஞ்சம் தள்ளுங்கள்' என்று ஒரு தொடுகை
எங்களிடம் இருந்ததே இல்லை.

என் முன்னால் போவது திலகசிரி மாத்தயா.
ரயில்வேயில் காட்டாக இருந்தவர்.
மல்லாந்துதான் நீந்துவார்.
முப்பது வருடம் கடைசிப் பெட்டியில் நின்று
போன பாதையையே பார்த்து வந்தவருக்கு
முன்னால் என்ன இருக்கிறதென்ற கவலை
எஞ்சினோடு முடிந்த விஷயம்.
நமுனுகுல மலையைப் பார்த்தபடி
மணிக்கு அரை மைல்.

பதினெட்டாவது சுற்றில் பொறுமை போயிற்று.
உதைகிற காலைக் குறிவைத்து
பெருவிரலை மெதுவாகத் தொட்டேன்.

வானத்தைப் பார்த்தபடியே
'புதுசரணய்' என்றார்.
வேகம் கூட்டவில்லை,
ஒதுங்கவும் இல்லை.
ஆசி வாங்கிய பிறகு
இன்னொரு தரம் தொடுவது எப்படி?
பின்னாலேயே போனேன்.

எட்டரைக்கு மேசை.
காதுக்குள் இன்னும் கொஞ்சம் தடாகம்.
ஃபைலைத் திறந்தால் அதே தடாகம்:
தண்ணீர்க் கட்டணம் மூன்று மாதம் பாக்கி,
துண்டிப்பதற்கான சிவப்பு நோட்டீஸ்
என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

அடியில் செருகி வைத்தேன்.
அந்த மாப்பிள்ளை கதை
இன்னும் முடியவில்லை.